வரைபடத்தில் தெரியும் அட்ச, தீர்க்க எண்கள்: மவுஸ் சொன்னதா, கருவி அளந்ததா?

கேள்வி இதுதான். களத்தில் சேகரித்த சில ஆயிரம் புள்ளிகளை ஓர் ஆய்வுக் குழு இணைய வரைபடத்தில் ஏற்றியிருக்கிறது. மவுஸ் நகர நகர மூலையில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஓட வேண்டும். புள்ளியைத் தொட்டால் அது இருக்கும் இடம் எண்ணாகத் தெரிய வேண்டும். பார்க்கப் போகிறவர்கள் ஆய்வாளர்கள். அந்த எண்ணை எடுத்துப் போய்த் தங்கள் கணக்கில் போடுவார்கள். எத்தனை தசம இடம் காட்டுவது, பாகை-கலை-விகலையா (பாகையை அறுபது அறுபதாகப் பிரிக்கும் முறை) வெறும் தசமமா, எந்த நிரல் நூலகத்தை எடுப்பது?

நூலகத்தைக் கடைசியில் பார்க்கலாம். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று முன்னால் நிற்கிறது.

வரைபடத்தில் தெரியும் எண்கள் இரண்டு வகை. மவுஸ் நிற்கும் இடத்துக்கு ஓடும் எண், திரையில் எத்தனையாவது பிக்சல் என்பதிலிருந்து மென்பொருள் பின்னோக்கிக் கணக்குப் போட்டுச் சொல்வது. அதை யாரும் அளக்கவில்லை. புள்ளியைத் தொட்டால் வரும் எண், ஒருவர் வெயிலில் கருவியோடு நின்று அளந்தது. முன்னது கணிப்பு, பின்னது பதிவு. இரண்டும் ஒரே எழுத்துருவில், ஒரே பெட்டியில், அதே ஆறு தசமத்தோடு வந்தால் பார்ப்பவருக்கு எது எதுவென்று எப்படித் தெரியும்? இந்த இரண்டையும் கலக்காமல் வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

நானே செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். கடலாமைகள் முட்டையிட்ட இடங்களைக் காட்டும் வரைபடம் அது. புள்ளியைத் தொட்டால் பாப்-அப்பில் ஆயத்தொலைவு வரும்படி எழுதியிருந்தேன். ஒரு நாள் களக்குழுவில் ஒருவர் அந்த எண்ணைத் தன் ஜிபிஎஸ் கருவியில் ஏற்றிக்கொண்டு போனார். கருவி கொண்டுபோய் நிறுத்திய இடத்தில் கூடு இல்லை. எண்பது, தொண்ணூறு மீட்டர் தள்ளி இருந்தது. தரவுக் கோப்பில் எண் சரியாகவே இருந்தது. பாப்-அப்பை அவர் திறந்தபோது வரைபடம் வெகுவாகச் சுருங்கிய ஜூமில் இருந்திருக்கிறது. அதே புள்ளியை நெருங்கிய ஜூமில் திறந்தால் வேறு எண் வந்தது! இரண்டு திரைப்பிடிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர் அனுப்பியபோதுதான் எனக்கு உறைத்தது.

காரணம் வெக்டர் டைல், அதாவது வரைபடத் தரவைச் சதுரத் துண்டுகளாக வெட்டி அனுப்பும் முறை. டைலுக்குள் இருக்கும் புள்ளிகள் பாகையில் சேமிக்கப்படுவதில்லை. டைலுக்குள்ளேயே ஒரு கட்டம் போட்டு, அந்தக் கட்டத்தின் முழு எண்களில் சேமிக்கப்படுகின்றன. வழக்கமாக ஒரு பக்கத்துக்கு 4096 கட்டங்கள். பூமத்தியரேகையில் உலகின் சுற்றளவு சுமார் 40,075 கிலோமீட்டர். ஜூம் 6-இல் அது 64 டைல்களாகப் பிரியும். ஒரு டைல் 626 கிலோமீட்டர், ஒரு கட்டம் ஏறக்குறைய 153 மீட்டர். ஆக, புள்ளி எங்கே இருந்தாலும் அருகிலுள்ள கட்டத்துக்கு இழுக்கப்படும். ஜூம் 14-இல் அதே கட்டம் 60 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும் என்பதால் நிரல் எழுதுகிறவர் கண்ணுக்கு இது படவே படாது. அவர் எப்போதும் நெருங்கிப் பார்த்துத்தான் சோதிப்பார்.

டைல் வேண்டாம், ஜியோஜேசன் என்ற எழுத்துவடிவக் கோப்பாகவே கொடுத்துவிடுகிறேன் என்றாலும் தப்ப முடியாது. மேப்லிப்ரே போன்ற நூலகங்கள் அந்தக் கோப்பையும் உள்ளுக்குள் டைல்களாக வெட்டித்தான் வரைகின்றன. கிளிக் செய்ததும் நிரல் திருப்பித் தரும் வடிவம் அந்த வெட்டுத் துண்டிலிருந்து வருவது. மருந்து எளிது: ஒவ்வொரு புள்ளியின் பண்புகளிலும் அட்சம், தீர்க்கம் இரண்டையும் தனிப் புலங்களாக, எண்ணாக இல்லாமல் எழுத்துச் சரமாக வைத்துவிடுங்கள். பாப்-அப் அங்கிருந்து மட்டும் எடுத்துக் காட்டட்டும். வடிவத்தின் வேலை வரைவது. சொல்வது அதன் வேலையில்லை.

எழுத்துச் சரம் ஏன் என்றால், களத்தில் 12.50 என்று எழுதியவர் இரண்டு தசமம் வரை உறுதி என்று சொல்லியிருக்கிறார். எண்ணாக மாற்றினால் அது 12.5 ஆகிவிடும்; கடைசிச் சுழியம் சொன்ன சேதி போய்விடும். பல்லுயிர்ப் பதிவுகளுக்கான டார்வின் கோர் தரநிலை, களத்தில் எழுதியது எழுதியபடி இருக்க ஒரு புலம், கணக்குக்கு ஏற்ற தசமப் பாகைக்குத் தனிப் புலங்கள் என்று பிரித்து வைத்திருப்பதும் இதனால்தான்.

இனி மவுஸ் எண்ணுக்கு எத்தனை தசமம் என்பது. ஜாவாஸ்கிரிப்டைக் கேட்டால் அது கை நிறைய, பதினான்கு இலக்கம் வரை அள்ளித் தரும். அப்படியே திரையில் கொட்டிவிடக் கூடாது. ஒரு பாகை அட்சம் ஏறக்குறைய 111 கிலோமீட்டர். ஐந்தாவது தசமம் 1.1 மீட்டர், ஆறாவது 11 சென்டிமீட்டர், எட்டாவதுக்குப் போனால் ஒரு மில்லிமீட்டர். நாடு முழுவதும் திரையில் தெரியும்போது ஆறு தசமம் காட்டுகிற வரைபடம், ஒரு பிக்சலுக்குள் ஓர் ஊரே அடங்கியிருக்கும்போது ஒரு கூழாங்கல்லைச் சுட்டிக் காட்டுவதாகப் பாசாங்கு செய்கிறது.

எவ்வளவு காட்டலாம் என்பதை ஜூமே சொல்லிவிடும். 256 பிக்சல் டைலில் ஒரு பிக்சலின் அகலம், 360-ஐ 256-ஆலும் பிறகு இரண்டின் ஜூம் அடுக்காலும் வகுத்தால் வரும் பாகை. ஜூம் 5-இல் 0.044 பாகை, அதாவது பூமத்தியரேகையில் சுமார் 4.9 கிலோமீட்டர். ஜூம் 10-இல் 0.0014 பாகை, 153 மீட்டர். ஜூம் 15-இல் 0.00004 பாகை, ஐந்து மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எனவே ஜூம் 5-க்கு இரண்டு தசமம், 10-க்கு மூன்று, 15-க்கு ஐந்து, 18-க்கு ஆறு. ஜூம் மாறும்போது இலக்கங்கள் கூடிக் குறையட்டும். அதைப் பார்த்தே, இந்த எண் திரையிலிருந்து வருகிறது என்று பழகியவர் புரிந்துகொள்வார். ஒரு சின்ன எச்சரிக்கை: மேப்லிப்ரே 512 பிக்சல் டைலை வைத்து எண்ணுவதால் அதன் ஜூம் 9-உம் லீஃப்லெட் என்ற நூலகத்தின் ஜூம் 10-உம் ஒன்றே. சூத்திரத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அப்படியே நகலெடுத்தால் விடை இரண்டு மடங்கு தவறும்.

பாகை-கலை-விகலை வடிவம் வேண்டுமா? கேட்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். பழைய களக்குறிப்பேடுகளும் அருங்காட்சியகச் சீட்டுகளும் அந்த வடிவில்தான் இருக்கின்றன. கடலில் போகிறவர்களுக்கோ பாகையும் தசமக் கலையும் வேண்டும், ஏனென்றால் அட்சத்தில் ஒரு கலை ஏறக்குறைய ஒரு கடல் மைல். முதன்மையாகத் தசமப் பாகையைக் காட்டி, மற்றவற்றை ஒரு பொத்தானில் மாற்றிக்கொள்ள விடுங்கள். ஆனால் மாற்றும் நிரலை அலட்சியமாக எழுதாதீர்கள். பத்து வரி நிரல்தான். அதில் நான் பார்த்த ஓட்டைகள் பல.

12.99999 பாகையை எடுத்துக்கொள்ளுங்கள். முழு எண் 12. மிச்சத்தை 60-ஆல் பெருக்கினால் 59.9994, அதில் கலை 59. மறுபடி மிச்சத்தைப் பெருக்கினால் 59.964 விகலை. ஒரு தசமத்துக்குச் சுருக்கினால் 60.0. திரையில் 12° 59′ 60.0″ என்று நிற்கும், கடிகாரம் 12:59:60 காட்டுவது போல. சரியான விடை 13° 0′ 0.0″. பிரித்த பிறகு முழுமையாக்கினால் இப்படித்தான் ஆகும். முழுமையாக்கிவிட்டுத்தான் பிரிக்க வேண்டும். மொத்தப் பாகையையும் முதலில் விகலையின் பத்தில் ஒரு பங்குகளாக மாற்றுங்கள்: 12.99999 × 36,000 என்பது 467,999.64. முழுமையாக்கினால் 468,000. அதன் பிறகு முழு எண் வகுத்தலில் பாகை, கலை, விகலையைப் பிரித்தால் 60 என்ற எண் தலைகாட்டவே வழியில்லை.

இரண்டாவது ஓட்டை பூமத்தியரேகைக்கும் கிரீன்விச்சுக்கும் பக்கத்தில் மட்டும் திறக்கும். −0.25 பாகையின் முழு எண் பகுதி சுழியம். சுழியத்துக்கு மைனஸ் குறி ஒட்டாது. பாகையின் குறியைப் பார்த்து வடக்கா தெற்கா என்று தீர்மானிக்கும் நிரல், தெற்கில் 15 கலையில் இருக்கும் புள்ளியை வடக்கில் 15 கலை என்று எழுதிவிடும். 55 கிலோமீட்டர் பிசகு. மற்ற எல்லா இடத்திலும் நிரல் சரியாக வேலை செய்வதால் வருடக்கணக்கில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள், பூமத்தியரேகைக் காட்டில் வேலை செய்கிற ஒருவர் வரும் வரை. குறியை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிட்டு, நேர்ம எண்ணை மட்டும் பிரியுங்கள்.

இன்னொன்று, 12.30 என்று எழுதியிருந்தால் அது பன்னிரண்டரைப் பாகையா, 12.3 பாகையா? பழைய குறிப்பேடுகளில் இரண்டும் உண்டு. வித்தியாசம் 0.2 பாகை, 22 கிலோமீட்டர். அதனால் பாகைக் குறி இல்லாமல் வெறும் எண்ணை மட்டும் ஒருபோதும் காட்டாதீர்கள்.

வரிசைக்கு வருவோம். அட்சம் முதலிலா, தீர்க்கம் முதலிலா என்ற சண்டை ஓயாது, ஏனென்றால் இரு பக்கமும் நியாயம் இருக்கிறது. மாலுமிகளும் புவியியலாளர்களும் அட்சத்தை முதலில் சொல்லிப் பழகியவர்கள். ஐஎஸ்ஓ 6709 தரநிலையும் அப்படியே சொல்கிறது. கணினிக்காரர்களுக்கு எக்ஸ் முதலில், ஒய் பிறகு. அதனால் தீர்க்கம் முதலில். 2016-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 7946 என்ற இணையத் தரநிலை ஜியோஜேசனுக்குத் தீர்க்கம், அட்சம் என்று உறுதி செய்துவிட்டது. கேஎம்எல் கோப்பும் அப்படியே. லீஃப்லெட் அட்சத்தை முதலில் கேட்கும். மேப்லிப்ரேயும் ஓப்பன்லேயர்ஸும் தீர்க்கத்தை முதலில் கேட்கும். வரைபடத்தைப் படமாக அனுப்பும் டபிள்யூஎம்எஸ் சேவையில் இன்னும் வேடிக்கை: 1.1.1 பதிப்பில் தீர்க்கம் முதல், 1.3.0 பதிப்பில் ஈபிஎஸ்ஜி 4326 (அட்ச, தீர்க்கப் பாகைகளுக்கான குறியெண்) கேட்டால் அட்சம் முதல். பதிப்பு எண்ணை மட்டும் மாற்றிவிட்டு, படம் ஏன் காணாமல் போனது என்று ஒரு நாள் முழுக்கத் தேடியவர்கள் எத்தனையோ பேர்.

மாறிப் போனதை நிரலே பிடித்துவிடும் என்று நம்ப வேண்டாம். அட்சம் 90-ஐத் தாண்டினால் பிடிக்கலாம், தாண்டாவிட்டால்? ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்டின் நி-ஆலெசுன் ஆய்வு நிலையம் அட்சம் 78.92, தீர்க்கம் 11.93-இல் இருக்கிறது. மாற்றிப் போட்டால் அந்தப் பனிப்பாறை நிலையம் தென்னிந்தியாவில் வந்து இறங்கும். இரண்டு எண்ணும் முறையானவை, எந்தச் சோதனையும் சத்தம் போடாது. ஆகவே திரையில் எண்களை வரிசையை நம்பி விடாமல், ‘அட்சம்’, ‘தீர்க்கம்’ என்று பெயர் சொல்லியோ, வ, தெ, கி, மே என்று திசை எழுத்து ஒட்டியோ காட்டுங்கள். எந்த வரிசையாக இருந்தாலும் படிப்பவருக்கு அப்போது குழப்பமில்லை.

கோப்பில் காலியாக இருந்த இடத்தை எண்ணாக மாற்றும்போது சுழியமாகிவிடுவதும் இதே ரகம். அப்படிப்பட்ட புள்ளிகளெல்லாம் கினி வளைகுடாவில் அட்சம் 0, தீர்க்கம் 0 என்ற இடத்தில் குவியும். அங்கே கடலைத் தவிர ஒன்றுமில்லை; இல்லாத அந்தத் தீவுக்கு ‘நல் ஐலண்ட்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். உங்கள் வரைபடத்தில் ஆப்பிரிக்காவின் மேற்குக் கடலில் ஒரு தனிப்புள்ளி தெரிந்தால் புதுக் கண்டுபிடிப்பு என்று துள்ள வேண்டாம்.

அடுத்தது பலர் தொடாமல் விடுவது: எண் எந்த டேட்டத்தில் இருக்கிறது என்பது. அட்சமும் தீர்க்கமும் பூமியின் மேல் ஒட்டியிருப்பவை அல்ல. பூமிக்கு நாம் போர்த்திய ஒரு நீள்கோளத்தின் மேல் இருப்பவை. அந்தப் போர்வைதான் டேட்டம். போர்வை மாறினால் எண் மாறும். ஜப்பானின் பழைய டோக்கியோ டேட்டத்துக்கும் 2002 முதல் அங்கே பயன்படும் உலக அளவிலான டேட்டத்துக்கும் இடையே சுமார் 400 மீட்டர் வித்தியாசம். கிரீன்விச் ஆய்வகத்தில் தரையில் பதித்த கோட்டின் மேல் நின்று ஜிபிஎஸ் கருவியைப் பார்த்தால் சுழியம் காட்டாது. சுழியம் கிழக்கே 102 மீட்டர் தள்ளி இருக்கிறது. யாரும் தப்பாக அளக்கவில்லை. அன்று தூக்குக்குண்டும் விண்மீனும் காட்டிய செங்குத்து வேறு, இன்று பூமியின் மையத்தை வைத்துப் போடும் கணக்கு வேறு.

நிலமும் சும்மா இருப்பதில்லை. ஆஸ்திரேலியக் கண்டம் ஆண்டுக்கு ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது. 1994-ஆம் ஆண்டு நிலையில் உறைய வைத்த அவர்களுடைய டேட்டத்துக்கும் 2020-க்கானதற்கும் இடையே சுமார் 1.8 மீட்டர் சேர்ந்துவிட்டது. ஜிபிஎஸ் பயன்படுத்தும் டேட்டத்தை வெறுமனே டபிள்யூஜிஎஸ் 84 என்று எழுதினாலும், அது காலப்போக்கில் பலமுறை திருத்தப்பட்ட ஒரு குடும்பம். எந்தத் திருத்தம் என்று சொல்லாவிட்டால் இரண்டு மீட்டர் அளவுக்கு ஐயம் உண்டு. சென்டிமீட்டர் துல்லியத்தில் நிலநடுக்கப் பிளவை அளக்கிறவருக்கு, டேட்டமும் அளந்த தேதியும் இல்லாத எட்டுத் தசமம் வெறும் அலங்காரம். பறவை எண்ணுகிறவருக்கு அது பெரிய கவலையில்லை. யாருக்காக வரைபடம் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எப்படியானாலும் எண் காட்டும் பெட்டியில் டேட்டத்தின் பெயரைச் சின்ன எழுத்தில் போடுவதில் செலவு ஒன்றுமில்லை.

‘என் புள்ளி ஆற்றுக்குள் விழுகிறது’ என்று புகார் வந்தால் உடனே புள்ளியைச் சந்தேகிக்காதீர்கள். அடியிலுள்ள செயற்கைக்கோள் படமே சில மீட்டர் விலகி ஒட்டப்பட்டிருக்கலாம். சீனாவில் பொது வரைபடங்கள் ஜிசிஜே-02 என்ற, வேண்டுமென்றே கோணலாக்கிய முறையில் வருவதால் நூறு முதல் சில நூறு மீட்டர் வரை விலகல் தெரியும். பின்னணிப் படத்தை வைத்துத் தரவைத் ‘திருத்திய’ குழுக்களை நான் பார்த்திருக்கிறேன். நல்ல தரவைக் கெடுக்க அதைவிட நேர்த்தியான வழி கிடையாது.

உள்ளே வரைபடம் வெப் மெர்கேட்டர் என்ற புரொஜெக்ஷனில் (உருண்டை உலகைத் தட்டையாக விரிக்கும் முறை), அதாவது ஈபிஎஸ்ஜி 3857-இல் மீட்டர் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். அந்த மீட்டரை ஆய்வாளர் கண்ணில் காட்டவே வேண்டாம். 60 பாகை அட்சத்தில் அதன் ஒரு மீட்டர், தரையில் அரை மீட்டர்தான். தூரமும் பரப்பளவும் வேண்டுமானால் நீள்கோளத்தின் மேல் கணக்கிட்டுக் கொடுங்கள். உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் சொல்லும் யூடிஎம் எண்கள் வேண்டும் என்பவர்களுக்கு மண்டல எண்ணையும் அரைக்கோளத்தையும் சேர்த்தே கொடுங்கள். 60 மண்டலங்களிலும் அதே எண்கள் திரும்பத் திரும்ப வரும். வெப் மெர்கேட்டர் 85.05 பாகையோடு நின்றுவிடுவதால் துருவ ஆய்வாளர்களுக்கு அது உதவாது. அண்டார்க்டிகாவுக்கு ஈபிஎஸ்ஜி 3031, ஆர்க்டிக் கடற்பனிக்கு 3413 என்று தனிப் புரொஜெக்ஷன்கள் இருக்கின்றன. துருவத்தின் மேல் மவுஸை நகர்த்தினால் தீர்க்கம் சுழன்று சுழன்று ஓடும். அது கோளாறு இல்லை, அங்கே அப்படித்தான்.

180-ஆம் தீர்க்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இணைய வரைபடத்தைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே போனால் உலகம் மறுபடி மறுபடி வரும். இரண்டாவது உலகத்தின் மேல் மவுஸ் நிற்கும்போது தீர்க்கம் 437 என்று கூட வரும். லீஃப்லெட்டில் அதைச் சுருட்டி −180-க்கும் 180-க்கும் இடையே கொண்டுவர ஒரு செயற்கூறு தயாராகவே இருக்கிறது. காட்டுவதற்கு முன் அதைக் கூப்பிடுங்கள். ஆனால் தடங்களுக்குச் சுருட்டினால் வேறு சிக்கல். பசிபிக்கைக் கடக்கும் ஒரு ஆல்பட்ராஸ் 179.8-இலிருந்து −179.9-க்குப் போகிறது, உண்மையில் 0.3 பாகைதான் பறந்திருக்கிறது. வரைபடமோ அந்தப் பறவையை உலகத்தின் குறுக்கே ஒரு கோடாக இழுத்துவிடும். வரைவதற்குத் தீர்க்கத்தைச் சுருட்டாமல் 180.1 என்று தொடர விடுங்கள். எண்ணாகக் காட்டும்போது மட்டும் சுருட்டுங்கள். கோப்பாகக் கொடுக்கும்போது அந்த ரேகையில் கோட்டை இரண்டாக வெட்டிக் கொடுக்கச் சொல்கிறது ஆர்எஃப்சி 7946.

காலநிலைத் தரவு போடுகிறவர்களுக்கு இதன் தம்பி ஒருவன் காத்திருப்பான். ஈரா5 போன்ற தொகுப்புகளில் தீர்க்கம் சுழியத்தில் தொடங்கி 359.75 வரை போகும். அப்படியே ஏற்றினால் அமெரிக்கக் கண்டங்கள் படத்தின் வலது விளிம்புக்கு வெளியே போய் நிற்கும். இன்னொன்று, அந்தத் தொகுப்பின் எண் ஒவ்வொன்றும் கட்டத்தின் நடுவைக் குறிப்பது. மூலை என்று எடுத்துக்கொண்டு வரைந்தால் மொத்தமும் 0.125 பாகை, கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர் நகர்ந்துவிடும். இப்படிப்பட்ட படத்தின் மேல் மவுஸ் நிற்கும்போது மவுஸ் எண்ணை மட்டும் காட்டுவது ஏமாற்று. எந்தக் கட்டத்தின் மதிப்பைப் படிக்கிறோம் என்று அந்தக் கட்டத்தின் நடுவையும் சொல்லி, கட்டத்தைச் சுற்றி ஒரு மெல்லிய கோடும் போடுங்கள். கணிப்பு, பதிவு என்று மேலே சொன்ன அதே பிரிவினைதான் இங்கேயும்.

உயரமும் மூன்றாவது எண்ணாகக் கூடவே வருமானால், நீள்கோளத்திலிருந்தா கடல் மட்டத்திலிருந்தா என்று எழுதுங்கள். இடத்துக்கு இடம் இரண்டுக்கும் நூறு மீட்டர் வரை கூட வித்தியாசம் வரும்.

இப்போது, என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட முதலில் செய்ய வேண்டியது: ஐயத்தைக் காட்டுவது. 2000 மே மாதத்துக்கு முன் பொதுமக்களின் ஜிபிஎஸ் கருவிகளுக்கு வரும் சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்திருந்தார்கள். நூறு மீட்டர் பிசகு சாதாரணம். அந்தக் கால அளவீடும் நேற்றைய அளவீடும் ‘ஊருக்கு வடக்கே இரண்டு மைல்’ என்ற அருங்காட்சியகச் சீட்டை வைத்து ஊகித்த இடமும் வரைபடத்தில் ஒரே அளவுச் சிவப்புப் புள்ளியாக நிற்கின்றன. தரவில் மீட்டரில் ஐயம் குறிக்கப்பட்டிருந்தால் புள்ளியைத் தொட்டதும் அந்த அளவுக்கு ஒரு வட்டம் விரியட்டும்; எண்ணுக்குப் பக்கத்திலும் ‘±100 மீ’ என்று வரட்டும். வட்டத்தை மீட்டரில் வரைய வேண்டும், பிக்சலில் வரைந்தால் ஜூம் செய்யும்போது பொருளிழந்துவிடும். லீஃப்லெட்டில் இரண்டுக்கும் தனித்தனி வடிவங்கள் உண்டு, பெயர்கள் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் தவறாக எடுப்பது எளிது. மேப்லிப்ரேயில் வட்டத்தின் ஆரம் பிக்சலில்தான். மீட்டர் வட்டம் வேண்டுமானால் பலகோணமாகச் செய்துதான் போட வேண்டும்.

அரிய உயிரினங்களின் இடங்களை மறைக்க வேண்டுமென்றால் திரையில் தசமத்தைக் குறைத்துக் காட்டுவது மறைப்பே ஆகாது. முழு எண்ணும் உலாவிக்கு வந்து இறங்கியிருக்கும். டெவலப்பர் கருவியைத் திறக்கத் தெரிந்த யாரும் படித்துவிடலாம். சர்வரிலேயே சுருக்கி, சுருக்கியதை மட்டும் அனுப்புங்கள். கோரிக்கைக்குக் கோரிக்கை புள்ளியைச் சீரற்று நகர்த்தும் தந்திரமும் வேண்டாம். நூறு முறை கேட்டுச் சராசரி எடுத்தால் உண்மை இடம் வெளியே வந்துவிடும். ஒருமுறை நகர்த்தி அதையே நிலையாக வையுங்கள், அல்லது கட்டத்தின் நடுவுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, பொதுமைப்படுத்தப்பட்ட இடம் என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

நகலெடுக்கும் பொத்தான் ஒன்று கட்டாயம் வேண்டும். அது திரையில் தெரிவதை அப்படியே எடுக்கக் கூடாது. திரையில் அழகுக்காகப் போடும் நீண்ட மைனஸ் குறியும் விகலைக் குறியும் விரிதாளில் ஒட்டியதும் எண்ணாகப் படிக்கப்படாது. தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போடும் நாடுகளின் மொழி அமைப்பில் நிரல் ஓடினால் ஒரே எண் இரண்டாக உடைந்துவிடும். நகலுக்கு எப்போதும் சாதாரண மைனஸ், தசமப் புள்ளி, தசமப் பாகை. கைபேசியில் மவுஸே கிடையாது என்பதால் திரையின் நடுவில் ஒரு கூட்டல் குறியை நிறுத்தி அதன் எண்ணைக் காட்டுங்கள். விரல் மறைக்கும் இடத்தின் எண் யாருக்கும் பயன்படாது.

நூலகம்: சில ஆயிரம் புள்ளிகள், சாதாரண உலக வரைபடம் என்றால் லீஃப்லெட் போதும், கற்றுக்கொள்ள ஒரு மாலை போதும். துருவப் புரொஜெக்ஷன், பல டேட்டங்கள், கட்டக்கோடுகள் வேண்டுமென்றால் ஓப்பன்லேயர்ஸ். மவுஸ் எண் காட்டும் கட்டுப்பாடு அதில் கையோடு வருகிறது. லட்சக்கணக்கில் புள்ளிகள் என்றால் மேப்லிப்ரே, டெக்.ஜிஎல் வகை. அங்கே வரைகலைச் சில்லு 32 பிட் எண்களில் வேலை செய்கிறது. தீர்க்கம் 128-ஐத் தாண்டிய இடங்களில் அந்த எண்ணின் ஒரு படி 1.7 மீட்டர். நூலகங்கள் அருகிலுள்ள ஒரு மையத்தைக் கழித்துவிட்டு இதைச் சமாளிக்கின்றன. நீங்களாக ஷேடர் (அந்தச் சில்லில் ஓடும் நிரல்) எழுதினால் நெருங்கிய ஜூமில் புள்ளிகள் நடுங்கும்.

எந்த நூலகமானாலும் வெளியிடுவதற்கு முன் ஓட்டிப் பார்க்க நான் ஒரு சிறு கோப்பு வைத்திருக்கிறேன். அதில் தீர்க்கம் 179.9999, −179.9999, அட்சம் −0.25, 12.99999, 85.2, சரியாக 90. ஒன்று சுழியம்-சுழியம், ஒன்று முற்றிலும் காலி. ஒவ்வொன்றையும் ஜூம் 3-இலும் 18-இலும் தொட்டு, பாப்-அப்பில் வந்ததைக் கோப்போடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவேன். ஆமைக் கூட்டின் எண்ணும் அதில் ஒன்பதாவது வரியாக இருக்கிறது.